திருச்சியில் கைமாறிய படக்கருவி

1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் திருச்சியில் நோயுற்றுப் படுத்தார். ஊர் ஊராகப் போய்ச் சலனப்படம் காட்டுவது அவர் தொழில். இனி அலைய முடியாது என்றானதும் படக்கருவியையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படம் முதலான சில சுருள்களையும் விற்க முன்வந்தார். வாங்கியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், தென்னிந்திய ரயில்வே ஊழியர், வயது 22. விலை 2,250 ரூபாய். அன்றைய ரயில்வே குமாஸ்தா ஒருவரின் பல வருடச் சம்பளம் அது. பணத்தைப் புரட்டிக் கொடுத்துவிட்டு, ரயில்வே வேலையையும் உதறினார்.

கொங்கு நாட்டு சினிமாவின் கதையை நான் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன். நட்சத்திரங்களைப் பற்றியும் ஸ்டூடியோ முதலாளிகளைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அந்தக் கருவி வந்த வழியையும் சொல்ல வேண்டும்.

அது கையால் சுற்றும் காலம். நொடிக்கு இரண்டு சுற்று, ஒரு சுற்றுக்கு 8 கட்டம் என்பது கணக்கு. ஆக நொடிக்கு 16 கட்டங்கள் திரையில் விழும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். கை தளர்ந்தால் திரையில் நடப்பவனும் தளர்ந்து நடப்பான். துரத்தல் காட்சியில் ஆபரேட்டர் வேகமாகச் சுற்றினால் குதிரை பறக்கும். அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. ஒரு பொறி பட்டால் போதும், குபுகுபுவென்று எரியும். கூரையும் துணியுமாக இருந்த கூடாரத்துக்குள், சுடும் விளக்குக்கு முன்னால் அதை ஓட்டினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சாமிக்கண்ணு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றினார். இலங்கை, பர்மா, மலேயா என்று கடல் தாண்டினார். வடக்கே லாகூர், பெஷாவர் வரை போனார். கருவி ஒன்றுதான் என்பதால் ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை திரை வெறுமையாகக் கிடக்கும். அந்த இடைவெளிகளை ஆட்டமும் குத்துச்சண்டையும் நிரப்பின. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குத் திரையருகே நின்று ஒருவர் கதை சொல்வார். ஊமைப்படம் என்கிறோம், ஆனால் கொட்டகைக்குள் ஒரு நிமிடமும் சத்தம் ஓய்ந்ததில்லை.

1914இல் கோவை டவுன்ஹால் பக்கத்தில் அவர் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிற்காலத்தில் அது டிலைட் தியேட்டர் ஆனது. தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்கு அதுதான் என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சென்னை மவுண்ட் ரோட்டில் எலக்ட்ரிக் தியேட்டர் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது என்பார்கள் சென்னைக்காரர்கள். முதலிடம் யாருக்கு என்பதைவிட, ஊர் ஊராக அலைந்த கருவி சொந்த ஊரில் நிலையாக உட்கார்ந்தது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஜெனரேட்டர் வைத்து அரங்குக்கு மின்சாரம் எடுத்தார் சாமிக்கண்ணு. மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் அரைவை மில்லும் நிறுவினார். படம் காட்டப்போன மனிதர், ஊருக்கு மின்சாரத்தின் பயனையும் சேர்த்துக் காட்டினார்.

31 அக்டோபர் 1931 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானது. டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த அந்தப் படத்தில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலித்தது. யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. திரை பேசியதே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் பேச்சு கைச்சுற்றுக் கருவியின் பிழைப்பைக் கெடுத்தது. நொடிக்கு 24 கட்டம் என்ற வேகம் கொஞ்சமும் பிசகக் கூடாது. பிசகினால் ராஜலக்ஷ்மியின் குரல் ஆண்குரலாகும், அல்லது கீச்சிடும். ஆகவே கையை எடுத்துவிட்டு மோட்டாரை வைத்தார்கள். படச்சுருளின் ஓரத்தில் ஒலி ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். அதன் வழியாக ஊடுருவும் வெளிச்சத்தை ஒரு ஒளிமின்கலம் மின்சாரமாக மாற்ற, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கித் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒலிபெருக்கிக்கு அனுப்பும். படம் கட்டம் கட்டமாக நின்று நகர வேண்டும், ஒலியோ நிற்காமல் வழுக்கிப் போக வேண்டும். அதனால் ஒரு காட்சிக்குரிய ஒலியை ஏறத்தாழ 20 கட்டம் தள்ளியே பதித்தார்கள். வெறும் கைப்பழக்கத்தில் தொழில் கற்ற ஆபரேட்டர்கள் மின்சாரம் படிக்க வேண்டியதாயிற்று. திரையருகே கதை சொன்னவருக்கும் வாத்தியக்காரர்களுக்கும் கொட்டகையில் இடமில்லாமல் போனது. பேசும்படத்தின் வெற்றியைக் கொண்டாடுகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

காலம் மாறுவதை சாமிக்கண்ணு புரிந்துகொண்டார். கல்கத்தாவின் பயனீர் பிலிம் கம்பெனியோடு சேர்ந்து 1933இல் ‘வள்ளி திருமணம்’ எடுத்தார். வள்ளியாக ராஜலக்ஷ்மி. நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக, விடிய விடிய நடத்திய கதை அது. மருதமலையையும் பழனியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் கொங்கு நாட்டில் வள்ளியை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஊமைப்படத்தால் தரமுடியாத பாட்டு இப்போது திரையிலேயே கிடைத்தது. படம் வசூலில் நன்றாக ஓடியது.

ஏறக்குறைய அதே சமயம் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கீழே இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின, ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளிகள் தரை டிக்கெட்டை நிரப்பினார்கள். கம்பி எட்டாத கிராமங்களுக்கு டூரிங் டாக்கீஸ் தன் ஜெனரேட்டரோடு போனது. 1905இன் கூடாரம்தான் அது, வாய் மட்டும் திறந்துகொண்டது.

படம் எடுக்க கல்கத்தாவுக்கு ரயிலேறும் நிலையும் மாறியது. 1930களின் நடுவில் பி. ரங்கசாமி நாயுடு, எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோரோடு சாமிக்கண்ணுவும் சேர்ந்து கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவை நிறுவினார்கள். சாமிக்கண்ணு 1942இல் மறைந்தார். 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ அந்த ஸ்டூடியோவில் உருவான படம்.