பாச்சை உருண்டையும் காந்தமும்

காந்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இரும்புதான். மயிலாப்பூர் வீட்டுப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே கிடக்கும் பாச்சை உருண்டைக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்றால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் அப்படிப்பட்ட உறவுகளை அளந்து பார்க்கவே ஒரு தமிழர் பல வருஷங்களைச் செலவிட்டார்.

காந்தத்துக்கு முன்னால் எல்லாப் பொருளும் ஏதாவது ஒரு விதத்தில் அசைந்து கொடுக்கத்தான் செய்கிறது. இரும்பு ஓடிப் போய் ஒட்டிக்கொள்கிறது. பிராண வாயு லேசாக இழுபடுகிறது. தண்ணீரும், பிஸ்மத்தும், பாச்சை உருண்டையாகிய நாப்தலீனும் விலகிப் போகின்றன. விலகும் குணம் மிகப் பல பொருள்களுக்கு உண்டென்று 1845-ல் காட்டியவர் ஃபாரடே. ஒரு பொருள் காந்தத்துக்கு எவ்வளவு இசைகிறது என்பதைச் சொல்லும் எண்ணைக் காந்த ஏற்புத்திறன் என்கிறார்கள். இரும்புக்கு அது ஆயிரக்கணக்கில் போகும். தண்ணீருக்கோ லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதுவும் மைனஸ் குறியோடு!

இந்த அற்ப எண்ணைத் துரத்தியவர் கே. எஸ். கிருஷ்ணன். 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1928-ல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டபோது ராமனுக்குத் துணை நின்றவர் என்றே அவரைப் பலரும் அறிவார்கள். அதே வருஷக் கடைசியில் அவர் டாக்கா சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே சிறு ஸ்படிகங்களை மெல்லிய இழையில் கட்டித் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை எந்தப் பக்கம் திரும்ப விரும்புகின்றன என்று அளந்தார். நாப்தலீன் மூலக்கூறு தட்டையானது. தட்டையின் முகத்துக்கு நேராகப் புலம் வந்தால் விலகல் அதிகம். பக்கவாட்டில் வந்தால் குறைவு. ஆகவே ஸ்படிகம் திரும்பும் விதத்தைக் கொண்டே, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் உள்ளே எப்படிச் சாய்ந்து படுத்திருக்கின்றன என்று அவர் சொல்லிவிட்டார்.

அந்நாளில் காந்தப் புலத்தைக் காஸ் என்ற அலகில் அளந்தார்கள். சென்னையில் பூமியின் காந்தப் புலம் சுமார் 0.4 காஸ். இன்றைய அலகான டெஸ்லா 10,000 காஸுக்குச் சமம். படியை லிட்டராக மாற்றுவது போல் இதை மாற்றிக்கொள்ளலாம். வேடிக்கை என்னவென்றால், ஏற்புத்திறன் அலகே இல்லாத வெறும் எண். ஆயினும் பழைய கணக்கில் உள்ளதைப் புதிய கணக்குக்குக் கொண்டுவர 12.57-ஆல் பெருக்க வேண்டும். பழைய சூத்திரத்தில் தனியாக நின்ற 4 பை, புதிய கணக்கில் எண்ணுக்குள்ளேயே புகுந்துகொண்டதுதான் காரணம். கிருஷ்ணனின் கட்டுரைகளை இன்று புரட்டுகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் விடை பன்னிரண்டு மடங்கு பிசகிவிடும்.

1947-ல் அவர் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் டைரக்டரானார். பாரத நாட்டின் அளவைகளைக் காப்பது அந்த நிலையத்தின் பொறுப்பு. 1960-ல் உலக மாநாடு புதிய அளவை முறையை ஏற்றது. 1961-ல் கிருஷ்ணன் காலமானார். அளவைகள் மாறிவிட்டன. பாச்சை உருண்டை மட்டும் அவர் கண்ட அதே மாதிரி காந்தத்தைக் கண்டு விலகிக்கொண்டுதான் இருக்கிறது.