ஒரு துண்டு எலும்பு

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. ஒரு சிகரெட் துண்டை வைத்துக்கொண்டு முழு ஆளையே பிடித்து விடுகிறார்கள். ஆனால் 1839-ம் ஆண்டில் லண்டனில் நடந்ததைப் படித்த பிறகு அந்தப் பொறாமை குறைந்துவிட்டது.

அந்த வருஷம் ஜான் ரூல் என்ற வைத்தியர், பிராணி சாஸ்திரத்தில் பெயர் பெற்ற ரிச்சர்டு ஓவனிடம் ஓர் எலும்புத் துண்டைக் கொண்டுவந்தார். 6 அங்குல நீளம். இரு முனையும் ஒடிந்திருந்தது. நியூஜிலாந்தில் கிடைத்ததாம்; விலை 10 கினி. ஓவன் முதலில், சமைத்துத் தின்ற மாட்டின் எலும்பு என்றுதான் எண்ணினார். பிறகு, கைவசமிருந்த எலும்புக்கூடுகளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தார். மாடு இல்லை, குதிரையும் இல்லை. எலும்பின் உட்புறத்தில் தேன்கூடு மாதிரியான அமைப்பு இருந்தது. நெருப்புக்கோழி அளவில் ஒரு பறவை நியூஜிலாந்தில் இருந்திருக்கிறது என்று விலங்கியல் சங்கத்தில் துணிந்து சொல்லிவிட்டார். கேட்டவர்களில் பலர் தயங்கினார்கள். பொறுப்பு ஓவனுடையது என்ற பேரில்தான் கட்டுரையை அச்சிட்டார்கள்.

1843-ல் வில்லியம் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் நியூஜிலாந்திலிருந்து அனுப்பிய எலும்புகள் வந்து சேர்ந்தன. ஓவன் ஜெயித்துவிட்டார். பறவைக்கு ‘டைனார்னிஸ்’, அதாவது பயங்கரப் பறவை, என்று பெயரிட்டார். ‘டைனோசர்’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். பயங்கரத்தில் மனிதருக்கு அப்படி ஒரு பிரியம்!

மாவோரி மக்கள் அதை மோவா என்றார்கள். கழுத்தை நிமிர்த்தினால் 12 அடி உயரம். நெருப்புக்கோழிக்குப் பேருக்காவது சிறகு உண்டு. கிவிக்குக்கூட ஒரு சிறு மிச்சம் உண்டு. மோவாவுக்குச் சிறகெலும்பே கிடையாது.

இவ்வளவு கெட்டிக்காரரான ஓவன் சறுக்கிய இடம் ஒன்று இருக்கிறது. பெரிய எலும்புகளுக்கு ஒரு பெயர், சிறிய எலும்புகளுக்கு வேறு பெயர் என்று அவர் இனம் இனமாகப் பிரித்தார். பின்னால் வந்தவர்களும் பிரித்துக்கொண்டே போய் முப்பது இனங்களுக்கு மேல் சேர்த்துவிட்டார்கள். 2003-ம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் எலும்பில் எஞ்சியிருந்த மரபணுவைச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. பெரியவை எல்லாம் பெண். வேறு இனம் என்று ஒதுக்கியவற்றில் பல, அவற்றின் ஆண்! பெண் மோவா ஆணைப் போல ஒன்றரை மடங்கு உயரம், ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. புருஷனையும் பெண்சாதியையும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வேறு வேறு ஜாதி என்று எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். இப்போது இனங்கள் ஒன்பதுதான்.

உயிரோடு ஒரு ஜோடியைப் பார்த்திருந்தால் ஆடு மேய்க்கும் சிறுவன்கூடச் சொல்லியிருப்பான், எது சேவல், எது பெட்டை என்று. பார்க்கத்தான் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏறக்குறைய 1300-ல் மாவோரிகள் அந்தத் தீவுகளில் குடியேறினார்கள். நூற்றைம்பது வருஷம் போல ஆவதற்குள் மோவாக்கள் தீர்ந்து போயின. குறைகூற எனக்கு வாயில்லை. பசித்தவன் எதிரில் ஒரு மந்தைக் கறி நின்றிருக்கிறது. ஆனால் சில மோவா இனங்களின் எலும்பிலுள்ள வளர்ச்சி வளையங்களைப் பார்த்தால், குஞ்சு முழு வளர்ச்சி பெறப் பத்து வருஷம்கூட ஆகியிருக்கிறது. ஒரு வருஷத்தில் முட்டையிடும் நம் வீட்டுக் கோழியைப் போல நினைத்து அடித்துத் தின்றால் எப்படித் தாங்கும்?

மோவாவைக் கண்ணால் கண்டவர்கள் போய் நானூறு வருஷம் கழித்துத்தான் ஓவன் வந்தார்.

அவருடைய புகைப்படம் ஒன்று 1879-ல் அவரது புத்தகத்திலேயே வெளிவந்தது. முழு மோவா எலும்புக்கூடு ஒன்றின் பக்கத்தில், கையில் அந்தப் பழைய 6 அங்குலத் துண்டோடு, கிழவர் நிற்கிறார். கூடு அவரைவிட எவ்வளவோ உயரம். அந்த உயரத்துக்கு அது பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அவளுடைய புருஷன் அந்தப் புத்தகத்திலேயே வேறொரு பக்கத்தில், வேறொரு பெயரில் இருந்தான்.