ரொபெர்த்தோ கார்லோஸை ஓட்டத்தில் முந்தியவர்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அரசு வேலைக்காகச் சென்னை வந்து புளியந்தோப்பில் குடியேறிய பிறகு அந்த மொழி வாயில் துருப்பிடித்துவிட்டது. 2014-ல் சென்னையின் எஃப்.சி. அணிப் பட்டியலில் இரண்டு பிரெஞ்சுத் தடுப்பாட்டக்காரர்களின் பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தேன். ஒருவர் மிக்கேல் சில்வெஸ்த்ர், மற்றவர் பெர்னார் மெந்தி. டி.வி.யில் 'பெர்னார்ட்' என்பார்கள். பிரெஞ்சில் அந்தக் கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது. பழைய மாணவனுக்குக் காது கூசும்!

ஒரு சங்கடமும் இருந்தது. அணியின் பயிற்சியாளர் மாத்தெராத்ஸி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதான் தலையால் முட்டியது இவரைத்தான். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிரெஞ்சு அணியில் இருந்த சில்வெஸ்த்ரே இவருக்குக் கீழ் ஆட வந்தபோது, நான் மட்டும் கோபத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதா? சூளை வழியாகப் போனால் நேரு ஸ்டேடியம் பக்கம்தான். போனேன்.

சில்வெஸ்த்ர் மான்செஸ்டர் யுனைடெட்டில் ஆடிப் பேர் வாங்கியவர். என் மனம் ஒட்டியது மெந்தியிடம். 1981-ல் எவ்ரோவில் பிறந்தவர். கான் கிளப்பில் தொடங்கி, 2000 முதல் 2008 வரை பாரீஸ் சேன் ஜெர்மேனில் வலப்பக்கத் தடுப்பாட்டம். நடுவில் ஒரு பருவம் இங்கிலாந்தின் போல்டனில். பிறகு ஹல் சிட்டி. பிரான்ஸுக்காக ஆடியது 3 ஆட்டங்கள்தான். அதில் ஒன்று 2004 மே மாதம் பாரீஸில் பிரேசிலுக்கு எதிராக. ரொபெர்த்தோ கார்லோஸை ஓட்டத்திலேயே பின்னுக்குத் தள்ளினார். ஆட்டம் 0-0. அந்த ஓட்டத்தை மட்டும் இன்றும் பேசுகிறார்கள்.

சென்னையில் அந்த வேகம் இல்லை. 34 வயதில் நடுத்தடுப்பில் நின்று, ஓட வேண்டிய இடத்தில் முன்கூட்டியே போய் நின்றார். எனக்கு இதுதான் பெரிய வித்தையாகப் பட்டது.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். அரையிறுதியின் சென்னை ஆட்டம் புனேவுக்குப் போய்விட்டது. அங்கே கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20 இறுதியாட்டத்தை ஈரச்சுவர் வீட்டில் டி.வி.யில் பார்த்தேன். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முந்தியதும் எழுந்து போய்விட்டேன். பேரன் கத்திய கத்தலில் ஓடி வந்தால் 2-2. கூடுதல் நேரத்தில் மெந்தோசா அடித்து 3-2. கோப்பை நமக்கு.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் மெந்தோசாவைப் பற்றித்தான் பேசினார்கள். "மெந்தியும்தான்" என்றேன். "ரெண்டும் ஒரே ஆள்தானே சார்?" என்றார் கடைக்காரர்.