ஐரோப்பிய ரயில் பாஸும் இருக்கை முன்பதிவும்

ஐரோப்பாவுக்கு வெளியே வாழ்பவர்களுக்காக யூரெயில் பாஸ் 1959இல் அறிமுகமானது. தொடக்கத்தில் 13 நாடுகளில் முதல் வகுப்பில் பயணம் செய்ய அது போதுமானதாக இருந்தது. சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் பொன்விழாவை ஒட்டி, 21 வயது வரையிலான ஐரோப்பிய இளைஞர்களுக்காக 1972இல் இன்டர்ரெயில் பாஸ் வந்தது.

அன்று பெரும்பாலான ரயில்களில் முன்பதிவு கட்டாயமில்லை. நடைபாதையும் அறைகளுமாக அமைந்த பெட்டிகளில், முன்பதிவான இருக்கையின் எண்ணும் ஏறும் இடம், இறங்கும் இடமும் குறித்த காகிதச் சீட்டு அறைவாசலில் செருகப்பட்டிருக்கும். சீட்டில்லாத இருக்கையில் பாஸ் வைத்திருப்பவர் தாராளமாக உட்காரலாம். இடம் கிடைக்காவிட்டால் நடைபாதையில் நின்றபடி போகலாம்.

அதிவேக ரயில்கள் இந்த வழக்கத்தை மாற்றின. 1981இல் பாரிஸ்–லியோன் தடத்தில் ஓடத் தொடங்கிய டிஜிவி ரயிலில் முன்பதிவு கட்டாயமானது. இருக்கைகளைக் கணினி வழியே ஒதுக்கி, கூட்டத்தைப் பல ரயில்களுக்குப் பகிர்வது அதன் நோக்கம். ஸ்பெயினின் ஏவிஇ (1992), ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கம் வழியே ஓடும் யூரோஸ்டார் (1994) ஆகியவையும் இவ்வழியே சென்றன. மாறாக, 1991இல் ஜெர்மனியில் தொடங்கிய ஐசிஇ உள்நாட்டுச் சேவையில் முன்பதிவு பொதுவாகப் பயணியின் விருப்பமாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தின் வழக்கமான ரயில்களிலும் இதே நிலைதான்.

இதனால் பாஸின் பொருளே நாட்டுக்கு நாடு வேறுபட்டது. பாஸ் பயணக் கட்டணத்தை ஈடுசெய்யும். முன்பதிவுக் கட்டணம் தனி. பிரான்ஸின் டிஜிவியில் பாஸ் பயணிகளுக்கான இருக்கைகளுக்கு வரம்பும் உண்டு. அவை தீர்ந்தால், ரயிலில் இடமிருந்தாலும் பாஸ் பயணி முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அல்லது முன்பதிவு தேவைப்படாத வட்டார ரயில்களில் மாறி மாறிச் செல்ல வேண்டும்.