சுருங்கிய படமும் அதனைச் சுமக்கும் பேழையும்

இற்றை நாளில் பல இல்லங்களில் நிகழக்கூடிய ஒரு சிறு சம்பவத்தோடு இப்பேச்சைத் தொடங்குகின்றேன். இருபது ஆண்டுகளின் முன் நடந்த ஒரு திருமணத்தின் சலனப் படத்தைக் கணினியில் இட்டுப் பார்க்கக் குடும்பத்தார் ஒன்றுகூடி அமர்கின்றனர். நாதசுர ஒலி கேட்கின்றது; காலஞ்சென்ற பாட்டியாரின் குரலுங் கேட்கின்றது. திரை மட்டும் கருமையாகவே நிற்கின்றது. கோப்புக் கெட்டுவிட்டதென்று எல்லாருங் கலங்குகின்றனர். உண்மையில் கோப்புக் கெடவில்லை. பேழை திறந்துவிட்டது. அதனுள் இருந்த ஒலியைக் கணினி படித்துவிட்டது. படத்தைச் சுருக்கி எழுதிய முறையை மட்டும் அஃது அறியவில்லை.

பேழை வேறு; அதனுள் உள்ள பொருளைச் சுருக்கி எழுதிய முறை வேறு. முன்னையதைக் கொள்கலன் என்றும், பின்னையதைக் கோடெக் என்றும் இக்காலத்தார் வழங்குவர். சுருக்கி எழுதும் கோடர், விரித்துப் படிக்கும் டீகோடர் என்னும் இரண்டு சொற்களின் முற்பகுதிகளை ஒட்டி ஆக்கப்பட்டதே கோடெக் என்னுஞ் சொல். இவ்விரண்டும் எவ்வாறு தோன்றின, அவற்றால் நாம் பெற்றது எது, இழக்கக்கூடியது எது என்பனவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலிற் சுருக்கம் ஏன் வேண்டப்பட்டது எனப் பார்ப்போம். சாதாரணத் தொலைக்காட்சிப் படமொன்றை எண்களாக்கும்போது, அது குறுக்கே 720, நெடுக்கே 576 புள்ளிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையுங் குறிக்க மூன்று பைட்டு வேண்டும். ஆகவே ஒரு தனிப்படத்துக்கு ஏறத்தாழ 12 இலட்சத்து 44 ஆயிரம் பைட்டு ஆகின்றது. செக்கனுக்கு இத்தகைய படங்கள் 25 ஓடினால் 3 கோடியே 11 இலட்சம் பைட்டு. ஒரு டிவிடி வட்டின் கொள்ளளவோ 470 கோடி பைட்டு. கணக்கிட்டுப் பாருங்கள்: அவ்வட்டிலே இரண்டரை நிமிடப் படமே அடங்கும். ஆயினும் இரண்டு மணி நேரத் திரைப்படம் ஒன்று அதில் அடங்கியிருக்கக் காண்கின்றோம். இவ்வியப்பு ஒருவரால் ஒரே நாளில் விளைந்ததன்று. நூறாண்டுச் சிந்தனையின் பயன் அது.

செய்தியைச் சுருக்கும் எண்ணம் தந்திக் காலத்திலேயே தோன்றியது. மோர்சின் தந்திக் குறியீட்டிலே, ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் ஈ என்னும் எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளியும், அருகி வரும் எழுத்துக்களுக்கு நீண்ட குறிகளும் அமைந்தன. அடிக்கடி வருவதற்குக் குறுங்குறி, அரிதாக வருவதற்கு நெடுங்குறி என்பதே அதன் உட்கருத்து. இதற்குக் கணித அடிப்படை வகுத்தவர் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில் இருந்த குளோட் ஷனன் ஆவார். 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவர், எதிர்பார்க்கக்கூடியதைச் சொல்வதில் செய்தி குறைவு, எதிர்பாராததைச் சொல்வதிலேயே செய்தி மிகுதி என்னும் உண்மையை அளவிட்டுக் காட்டினார். நம் மொழியிலிருந்தே இதற்கு உதாரணங் காட்டலாம். 'தங்' என்று ஒருவர் எழுதிய அளவிலே, அடுத்து வருவது ககர வரிசை எழுத்தே என்பதை நாம் பெரும்பாலும் உணர்ந்துவிடுகின்றோம். அவ்வெழுத்தைத் தவிர்த்தாலும் பொருள் அதிகங் கெடாது. மொழியில் இத்தகைய மிகை நிரம்ப உண்டு. படத்திலோ அது பன்மடங்காக உண்டு.

1951ஆம் ஆண்டில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திற் பேராசிரியர் ரொபேட் பானோ தம் மாணாக்கர்க்கு, இறுதிப் பரீட்சை எழுதலாம், அன்றேல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதலாம் என விருப்புரிமை அளித்தார். மிகக் குறுகிய குறியீட்டை அமைக்கும் வழி யாது என்பது கட்டுரைப் பொருள்களுள் ஒன்று. அது பானோவும் ஷனனும் முயன்றும் முழுமையாக முடியாத வினா என்பதை அறியாமலே டேவிட் ஹவ்மன் என்னும் மாணவர் அதனை எடுத்துக்கொண்டார். பல மாதம் முயன்று, கைவிடும் நிலையில் விடை கண்டார். 1952இல் அது வெளியாயிற்று. கணினிக் கோப்புக்களைச் சுருக்கும் வழிகள் பலவற்றில் ஹவ்மனின் முறை இன்றும் வாழ்கின்றது.

எனினும் இவை யாவும் ஓர் எழுத்தும் இழவாத சுருக்கங்கள். சுருக்கியதை விரித்தால் மூலம் அவ்வாறே மீளும். எழுத்துக்கும் கணக்குக்கும் இது வேண்டியதே. ஆனால் சலனப் படத்தை இவ்வகையிற் சுருக்கினால் பாதியளவோ மூன்றிலொரு பங்களவோ தான் குறையும். வேண்டியதோ பன்மடங்கு. அதற்கு இரண்டு துணிவுகள் தேவைப்பட்டன: மாறாததை மீண்டுஞ் சொல்லாமை ஒன்று; கண் காணாததைக் கைவிடுதல் மற்றொன்று.

முதல் துணிவின் வித்தைத் தொலைக்காட்சியின் குழந்தைப் பருவத்திலேயே காண்கின்றோம். படம் முழுவதையும் மீண்டும் மீண்டும் அனுப்பாது, முன் படத்துக்கும் பின் படத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் அனுப்பலாம் என்னுங் கருத்தை ரே கெல் என்னும் பொறியியலாளர் 1929இலேயே காப்புரிமை விண்ணப்பமாகத் தெரிவித்தார். அன்றிருந்த கருவிகள் அதனை நிறைவேற்ற வல்லன அல்ல. ஆயினும் ஒற்றை வரிகளை ஒரு முறையும் இரட்டை வரிகளை மறுமுறையுமாக அனுப்பும் இடையீட்டு முறை கையாளப்பட்டது. இலண்டனில் 1936இல் தொடங்கிய ஒளிபரப்பும் அவ்வாறே. இலங்கையில் 1979இல் தொடங்கிய ஒளிபரப்பும் அவ்வாறே. அதுவும் கண்ணின் இயல்பை நம்பிச் செய்த ஒரு சுருக்கமே எனலாம்.

இரண்டாந் துணிவுக்கு வழி கண்டவர் பெங்களூரிற் பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய நாசிர் அஹமது. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972ஆம் ஆண்டில், கொசைன் அலைகளைக் கொண்டு படத்தைச் சுருக்கும் ஒரு கணித மாற்றத்தை ஆராய்வதற்கு அவர் தேசிய விஞ்ஞான நிறுவனத்திடம் நிதி கேட்டார். கருத்து மிக எளிமையானது என்று கூறி மதிப்பீட்டாளர் அதனை மறுத்தனர். எளிமையே அதன் பெருமை என்பதை அவர்கள் உணர்ந்திலர். அஹமது மனந் தளரவில்லை. தம் மாணவர் நடராஜன், நண்பர் ராவ் ஆகியோருடன் அதனை ஆராய்ந்து 1974ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்டார்.

அம்முறை யாதெனில், படத்தை எட்டுக்கு எட்டாக அறுபத்து நான்கு புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பகுப்பது. ஒவ்வொரு சதுரத்தையும் ஒளியும் இருளும் மாறி வரும் அலைகளின் கூட்டாக எழுதுவது. ஓவியன் முதலிற் பெருங்கோடுகளை இட்டுப் பின்னர் நுண்கோடுகளை வரைவது போன்றது இது. பெருங்கோடுகளிற் பிழை நேர்ந்தால் கண் உடனே காணும். நுண்கோடுகளிற் சில குறைந்தாலோ அது காணாது. ஆகவே நுண்ணலைகளுக்குரிய எண்களைத் தோராயமாக்கினால் அவற்றுட் பல பூச்சியமாகிவிடும். எஞ்சியவற்றை ஹவ்மன் முறையாற் குறிக்கலாம். 1992இன் ஜேபெக் நிழற்படமும், பின் வந்த சலனப்பட முறைகளுட் பெரும்பாலனவும் இவ்வடித்தளத்தின் மீது எழுந்தவையே.

கெல் கண்ட கனவும் பின்னர் நனவாயிற்று. ஒருவர் திரையின் குறுக்கே நடந்து சென்றால், அவர் உருவத்தை மீண்டும் வரையவேண்டியதில்லை. 'அச்சதுரம் இத்தனை புள்ளி வலப்புறம் நகர்ந்தது' என்று சொன்னாற் போதும். பின்னே நிற்கும் மரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவேண்டியதில்லை. ஆதலின் சுருக்கிய கோப்பிலே முழுப்படங்கள் இடையிடையேதான் வரும். ஏனையவை மாற்றக் குறிப்புக்களே. முழுப்படம் ஒன்று பழுதடைந்தால் அடுத்த முழுப்படம் வரும் வரை திரை சிதறித் தோன்றுவதன் காரணமும் இதுவே.

1988ஆம் ஆண்டு மே மாதத்திலே கனடாவின் ஒட்டாவா நகரில், லெயொனார்தோ கியாரிலியோனே என்னும் இத்தாலியப் பொறியியலாளரின் தலைமையில், எம்பெக் எனப்படும் சலனப்பட வல்லுநர் குழு முதன்முறை கூடிற்று. அக்குழு ஓர் அறிவார்ந்த முடிவு செய்தது. விரித்துப் படிக்கும் முறையை மட்டுமே அது விதியாக்கிற்று. சுருக்கி எழுதும் முறையை அவரவர் திறமைக்கு விட்டுவிட்டது. அதனால், விற்பனையான கருவி மாறாதிருக்க, எழுதுவோர் திறமை வளர வளர அதே கருவியில் மேலும் நல்ல படம் தோன்றிற்று. அக்குழுவின் முதல் தரம் 1993இல் வந்தது. அதனாற் பிறந்த வீடியோ சீடி வட்டு ஆசிய நாடுகளிற் பெருவழக்காயிற்று. நம்மவர் திருமணப் படங்கள் பல அவ்வட்டுகளிலேயே உறங்குகின்றன. இரண்டாந் தரம் டிவிடிக்கும் எண்முறைத் தொலைக்காட்சிக்கும் உரியதாயிற்று. 2003இல் வந்த எச் 264 என்னுந் தரம், ஒத்த தெளிவுள்ள படத்தை ஏறத்தாழ அதன் பாதி அளவிலேயே தந்தது.

இனிப் பேழையை நோக்குவோம். சுருங்கிய படம் ஓர் ஓடை. ஒலி மற்றோர் ஓடை. இரண்டும் காலந் தவறாது இணைந்து ஓடாவிடின், வாய் அசைந்த பின்னரே சொல் கேட்கும். ஓடைகளைப் பின்னி, எது எப்போது வரவேண்டும் என்ற கால அட்டவணையும் பொருளடக்கமும் சேர்த்து வைப்பதே பேழையின் பணி. 1991இல் ஆப்பிள் நிறுவனம் குயிக்டைம் பேழையை வெளியிட்டது; 1992இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் ஏவிஐ பேழையை வெளியிட்டது. குயிக்டைமின் அமைப்பைத் தழுவி எழுந்ததே இன்று எங்கும் வழங்கும் எம்பி4. 2002இல் தோன்றிய மட்ரொஸ்கா என்பது, ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் இரசியப் பொம்மையின் பெயரைத் தழுவியது. ஒரே படத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழி ஒலிகளையும் எழுத்துரைகளையும் இத்தகைய ஒரு பேழையினுள் வைக்கலாம். பார்ப்பவர் வேண்டியதைத் தெரிந்துகொள்ளலாம்.

எம்பி4 கோப்பிலே பொருளடக்கம் பெரும்பாலும் இறுதியிலேயே எழுதப்படும். படம் பிடிக்கையில் மின்கலம் திடீரென ஓய்ந்தால் முழுக்கோப்புந் திறக்க மறுப்பது இதனாலேதான். படம் உள்ளேதான் இருக்கும். அதைக் காட்டும் பொருளடக்கம் இராது. ஆகவே கோப்புப் பெயரின் ஈற்றிலுள்ள ஏவிஐ, எம்பி4 என்பன பேழையின் பெயரையே கூறும். உள்ளிருக்குங் கோடெக் இன்னதென்று கூறா. தொடக்கத்திற் குறிப்பிட்ட குடும்பத்தாரின் கலக்கத்துக்கு விடை இங்கே கிடைக்கின்றது.

இம்முறைகள் பலவும் காப்புரிமையுடன் வந்தவை. 2013இல் வந்த எச் 265 மேலும் சிறந்ததாயினும், அதற்குரிய உரிமக் கட்டணத்தைப் பல தொகுதியினர் தனித்தனியே கோரினர். கட்டணமின்றி எவரும் கையாளத்தக்க முறை வேண்டுமெனப் பெருநிறுவனங்கள் சில 2015இற் கூடி, 2018இல் ஏவி1 என்னும் முறையை வெளியிட்டன. காப்புரிமை ஒருபுறமிருக்க, மறதி அதனினும் கொடியது. 2019இல் ஆப்பிள் கணினிகளின் புதிய இயக்க முறைமை பழைய 32 பிட்டு நிரல்களைக் கைவிட்டபோது, சினபாக், சோரன்சன் முதலிய 1990களின் கோடெக்குகளில் எழுதிய படங்கள் அக்கணினிகளில் நேரே திறவாதாயின. ஏடு செல்லரிக்கவில்லை, எழுத்தைப் படிப்போர் இல்லாது போயினர்.

இதனால் நாம் கொள்ளவேண்டிய பாடம் யாது? ஒரு முறை கைவிட்ட நுண்மை மீண்டும் வாராது. ஒரு கோடெக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுந்தோறும், முன்னர் எஞ்சியதிலும் ஒரு பகுதி போய்விடும். பேழையை மட்டும் மாற்றுவதால் அவ்விழப்பு இல்லை. ஆதலின் மூலக்கோப்பை அழியாது காத்து, பார்ப்பதற்கென வேறு பிரதி செய்துகொள்வதே அறிவுடைமை. ஆவணக் காப்பகங்கள் சில இழப்பில்லாத எப்எப்வி1 முறையையும் மட்ரொஸ்கா பேழையையும் தேர்ந்தமைக்குக் காரணமும் இதுவே. அவ்விரண்டின் இலக்கணமும் முறையே 2021இலும் 2024இலும் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. இலக்கணம் நூலாக நிலைத்திருக்கும் வரை, நாளை ஒருவர் முயன்றேனும் அதனைப் படிக்கலாம்.

எதை விடலாம் என அறிந்ததனாலேயே இக்கலை வளர்ந்தது. கண் காணாததை விட்டோம், மாறாததை விட்டோம். ஆனால் திரும்பப் படிக்கும் வழியை விட்டோமாயின், பாட்டியாரின் குரல் மட்டுமே எஞ்சும், முகம் எஞ்சாது.