தானுந்து மின்தொகுதி

தானுந்து மின்தொகுதி என்பது தானுந்தின் பொறியை இயக்கத் தொடங்குவதற்கும், எரிபொருளைப் பற்றவைப்பதற்கும், விளக்குகள், ஒலிப்பான், கண்ணாடித் துடைப்பான் முதலியவற்றை இயக்குவதற்கும் தேவையான மின்னாற்றலை ஆக்கி, சேமித்து, பகிர்ந்தளிக்கும் அமைப்பு ஆகும். பெரும்பாலான தானுந்துகளில் இது 12 வோல்ட் நேரோட்ட மின்சாரத்தில் இயங்குகிறது. மின்கலம், தொடக்கி மோட்டார், மின்னாக்கி, உருகிகள், உணர்த்திகள், கம்பிகள் ஆகியன இதன் முதன்மை உறுப்புகள். இவை தொழிற்கூடங்களில் முறையே பேட்டரி, செல்ஃப் மோட்டார், ஆல்டர்நேட்டர், ஃபியூஸ், ரிலே, வயரிங் என அழைக்கப்படுகின்றன.

இத்தொகுதியில் தோன்றும் வெவ்வேறு கோளாறுகள் பெரும்பாலும் ஒரே அறிகுறியைக் காட்டுவன. எனவே உறுப்புகளை மாற்றுவதற்கு முன்னர் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பதே பழுதுபார்த்தலின் அடிப்படை ஆகும்.

வரலாறு

மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமில மின்கலத்தை 1859 ஆம் ஆண்டு பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாந்தே உருவாக்கினார். தொடக்ககாலத் தானுந்துகளின் பொறி, கைப்பிடி ஒன்றைச் சுழற்றித் தொடங்கப்பட்டது. பொறி எதிர்த்திசையில் உதைக்கும்போது ஓட்டுநரின் கை எலும்பு முறிவதும் உண்டு. அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் தொடக்கி, 1912 ஆம் ஆண்டுக்கான கடிலாக் தானுந்துகளில் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் மின்கலம் தானுந்தின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறினர். 1960 ஆம் ஆண்டுக்கான வேலியண்ட் தானுந்தில் கிறைஸ்லர் நிறுவனம் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்நேட்டரைப் பொருத்தியது. டைனமோ, பொறி மெதுவாகச் சுழலும்போது போதிய மின்னோட்டத்தைத் தருவதில்லை. ஆல்டர்நேட்டர் அந்நிலையிலும் மின்னேற்றம் செய்யவல்லது என்பதால் பின்னர் எங்கும் வழக்கிற்கு வந்தது.

மின்சுற்றின் அமைப்பு

வீட்டு மின்சுற்றில் மின்னோட்டம் செல்ல ஒரு கம்பியும் திரும்ப ஒரு கம்பியும் உண்டு. தானுந்திலோ உலோக உடலே திரும்பும் வழியாகப் பயன்படுகிறது. மின்கலத்தின் எதிர்முனை உடலுடன் இணைக்கப்பட்டிருக்கும். இவ்விணைப்பு பேச்சு வழக்கில் எர்த் எனப்படும். மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியத் தானுந்துகள் பலவற்றில் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. ஆகவே அத்தகைய வண்டிகளில் மின்கலத்தை மாற்றும்போது முனைகளை உறுதிசெய்துகொள்ளல் வேண்டும்.

உடலிணைப்பில் துரு பிடித்தால் மின்னோட்டம் வேறு வழிகளைத் தேடிச் செல்லும். தடுப்பை அழுத்தும்போது திருப்பக்காட்டி விளக்கும் மங்கலாக எரிதல், முகப்பு விளக்குகளுள் ஒன்று மட்டும் மங்குதல் ஆகியன இதன் அறிகுறிகள். இக்கோளாறுக்குக் குமிழை மாற்றுவதால் பயனில்லை. இணைப்புத் திருகைக் கழற்றி, உலோகம் வெளிப்படும்வரை தேய்த்துத் தூய்மையாக்கி, மீண்டும் இறுக்குதல் வேண்டும்.

மின்கலம் பேணல்

12 வோல்ட் மின்கலம் என்பது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு கலங்களின் தொடரிணைப்பு ஆகும். வெப்பமான சூழலில் உள்தகடுகளின் அரிப்பும் நீரிழப்பும் விரைவடைவதால் அதன் வாழ்நாள் குறைகிறது.

* நீர் ஊற்றும் வகை மின்கலங்களில் திரவமட்டம் தகடுகளுக்கு மேல் நிற்கவேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றவேண்டும். குழாய்நீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆவியாகிக் குறைவது நீரே ஆதலால் அமிலம் சேர்க்கக்கூடாது.
* முனைகளில் படியும் வெண்பச்சைப் பூச்சைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, வாசலீன் தடவுதல் வேண்டும். சோடா நீர் கலத்தினுள் செல்லாதவாறு மூடிகள் இறுக்கமாக இருத்தல் அவசியம்.
* மின்கலம் அசையாதவாறு அதன் பிடிப்பட்டை இறுக்கப்பட்டிருக்கவேண்டும். அதிர்வினால் தகடுகளில் உள்ள பொருள் உதிர்ந்துவிடும்.
* மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் விடப்படும் மின்கலத்தின் தகடுகளில் ஈயச் சல்பேற்றுப் படிகங்கள் இறுகி, அது மீண்டும் முழுமையாக மின்னேறாது போகும்.

மின்னழுத்தச் சோதனை

பொறியை நிறுத்திச் சில மணிநேரம் கழித்து, மின்கல முனைகளில் பல்மானியால் அளக்கப்படும் மின்னழுத்தம் மின்னேற்ற நிலையை ஏறத்தாழக் காட்டும்.

* 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல்: முழு மின்னேற்றம்
* 12.4 வோல்ட்: முக்கால் பங்கு
* 12.2 வோல்ட்: அரைப் பங்கு
* 12.0 வோல்ட்: கால் பங்கு

பொறி இயங்கும்போது இதே முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் மின்னாக்கியின் பட்டை தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். 15 வோல்ட்டைத் தாண்டினால் மின்னழுத்தச் சீராக்கி பழுதடைந்துள்ளது எனக் கொள்ளலாம். அந்நிலையில் மின்கலம் கொதித்து நீரை இழப்பதுடன் விளக்குக் குமிழ்களும் அடிக்கடி பழுதாகும். புதிய தானுந்துகள் சிலவற்றில் கணினி மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்ப மாற்றுவதால் அவற்றுக்கு இவ்வெல்லைகள் முழுமையாகப் பொருந்தா.

பொறி இயங்கும்போதே மின்கல இணைப்பைக் கழற்றி, பொறி நிற்கிறதா எனப் பார்ப்பது டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்நேட்டர் உள்ள வண்டியில் இவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து, அதன் இருமுனையங்களையும் பொறிக் கட்டுப்பாட்டுக் கணினியையும் எரித்துவிடக்கூடும்.

பொறி தொடங்காமை

சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஒலி மட்டும் எழுந்து பொறி சுழலாதிருந்தால் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று கருதுவது வழக்கம். ஆனால் அழுக்கடைந்த முனை, துருப்பிடித்த உடலிணைப்பு, பழுதான தொடக்கி மோட்டார் ஆகிய மூன்றும் இதே அறிகுறியைத் தரும். முதற்காரணம் இதுவன்று எனில், புதிய மின்கலம் வாங்கிய பின்னரும் கோளாறு நீடிக்கும்.

இவற்றைப் பிரித்தறிய, ஒருவர் சாவியைத் திருப்பும்போது மற்றொருவர் மின்கல முனைகளில் அளத்தல் வேண்டும். மின்னழுத்தம் 9.6 வோல்ட்டுக்கும் கீழே வீழ்ந்தால் மின்கலம் மின்னிறங்கியுள்ளது அல்லது நலிந்துள்ளது. மின்னேற்றிய பின்னரும் அவ்வாறே வீழ்ந்தால் மின்கலத்தை மாற்றவேண்டும்; மோட்டார் இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்தல் நலம். மின்னழுத்தம் 12 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் மின்னோட்டம் மோட்டாரைச் சென்றடையவில்லை என்பது பொருள். அப்போது மின்கலத்தின் எதிர்முனைக்கும் பொறியின் உலோகத்திற்கும் இடையே, சாவியைத் திருப்பிய நிலையில் அளக்கவேண்டும். ஏறத்தாழ 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உடலிணைப்பில் தடை உள்ளது. இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் உப்புத்தாளும் திருகுசாவியுமே போதுமானவை.

மறைமுக மின்கசிவு

நிறுத்தி வைக்கப்பட்ட தானுந்திலும் கடிகாரம், திருட்டுத் தடுப்பான், கணினி ஆகியன சிறிதளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. இது பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். 45 ஆம்பியர்-மணி மின்கலம் இந்த அளவில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 நாட்கள் ஆகும். பெட்டியறை விளக்கு அணையாதிருத்தல் போன்றவற்றால் கசிவு 500 மில்லி ஆம்பியராக உயர்ந்தால் இரண்டே நாட்களில் பாதி தீர்ந்துவிடும். எதிர்முனைக்கும் அதன் கம்பிக்கும் இடையே ஆம்பியர்மானியை இணைத்து, உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால், மின்னோட்டம் குறையும் இடத்தில் கசிவுள்ள சுற்று தெரியவரும். கணினி உறக்கநிலைக்குச் செல்லும்வரை காத்திருந்து அளத்தல் வேண்டும்.

உருகிகளும் கூடுதல் சாதனங்களும்

உருகி, சாதனத்தைவிடக் கம்பியையே முதன்மையாகக் காக்கிறது. தட்டை வகை உருகிகளில் சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியரைக் குறிக்கும். உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால் சுற்றில் எங்கோ குறுக்கிணைப்பு உள்ளது. அவ்விடத்தில் பெரிய உருகியை இடுவதும், வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் கம்பியையே உருகியாக்கிவிடும். வாகனத் தீவிபத்துகளுக்கு இது ஒரு காரணம்.

55 வாட் முகப்புக் குமிழ்கள் இரண்டும் ஏறத்தாழ 9 ஆம்பியர் எடுக்கும். அவற்றுக்குப் பதிலாக 100 வாட் குமிழ்களை இட்டால் ஏறத்தாழ 17 ஆம்பியர் ஆகும். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் அது மூன்று மடங்குக்கும் மேலாகும். தனி உருகி, உணர்த்தி, தடித்த கம்பி ஆகியவை இன்றி இவற்றைப் பொருத்தினால் ஆளியும் கம்பியுறையும் உருகக்கூடும்.

பாதுகாப்பு

மின்னேற்றத்தின்போது மின்கலத்திலிருந்து ஐதரசன் வளி வெளியேறுகிறது. காற்றில் இதன் அளவு 4 விழுக்காட்டை எட்டினால் ஒரு தீப்பொறியே எரியச் செய்யும். மின்கலம் வெடித்து அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வை இழப்பு நேரலாம். உடனே நிறைய நீரால் தொடர்ந்து கழுவி மருத்துவரை நாடவேண்டும்.

கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பொருத்தும்போது அதனை இறுதியிலும் கையாளவேண்டும். அவ்வாறு செய்தால், நேர்முனையைக் கழற்றும்போது திருகுசாவி உடலில் பட்டாலும் குறுக்கிணைப்பு ஏற்படாது. வேறொரு வண்டியின் மின்கலத்தைக் கொண்டு பொறியைத் தொடங்கும் ஒழுங்கு பின்வருமாறு:

1. தீர்ந்த மின்கலத்தின் நேர்முனை
2. நல்ல மின்கலத்தின் நேர்முனை
3. நல்ல மின்கலத்தின் எதிர்முனை
4. தொடங்கவேண்டிய வண்டியின் பொறியில், மின்கலத்திற்கு எட்ட உள்ள வெற்று உலோகப் பகுதி

இறுதி இணைப்பில் தோன்றும் தீப்பொறியை ஐதரசனிடமிருந்து விலக்குவதே நான்காம் படியின் நோக்கம். கலப்பின, மின்சாரத் தானுந்துகளில் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயிருக்கு ஆபத்தான உயர் மின்னழுத்தம் உடையவை. அவற்றைப் பயிற்சி பெறாதோர் தொடலாகாது.

பழைய மின்கலங்கள்

ஈயம் மூளையையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சு. சிறுவர்கள் இதனால் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். செனகல் நாட்டின் தக்கார் நகருக்கு அண்மையிலுள்ள தியாரோய்-சூர்-மேர் என்னுமிடத்தில், பழைய மின்கலங்களிலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுத்ததன் விளைவாக 2007 - 2008 காலத்தில் 18 குழந்தைகள் இறந்தனர். இந்தியாவில் பழைய மின்கலங்களைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2001 ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக 2022 ஆம் ஆண்டு புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய மின்கலத்தை வீட்டில் உடைக்காமலும், தெருவில் வாங்குவோரிடம் கொடுக்காமலும், புதியது வாங்கும் கடையிலேயே ஒப்படைப்பது முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* ஈய-அமில மின்கலம்
* மின்னாக்கி
* உருகி
* பல்மானி