ஆற்றை எதிர்த்து ஒரு மிதிவண்டி வழி

ஒரு நாட்டின் வரலாறு ஏடுகளில் மட்டுமே உறைவதன்று. மண்மேடுகளிலும், ஏரிக்கரைகளிலும், நாம் நாள்தோறும் கண்டும் காணாமல் கடந்து செல்லும் சாலையோரங்களிலும் அது உறைகின்றது. ஏட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். மண்ணைப் படிக்கவோ அதற்கேற்ற வேகம் வேண்டும். பேருந்தில் விரைபவருக்கு வில்லியனூர் ஒரு நிறுத்தம், அவ்வளவே. நடந்து செல்பவர் யாவற்றையும் காண்பார். ஆயினும் ஒரு பகற்பொழுதில் அவர் கடக்கும் தொலைவு சிறிது. இவ்விருவருக்கும் இடையே ஊர்களைத் தொடுத்துக் காண வல்லவர் மிதிவண்டியில் செல்பவரே.

புதுச்சேரி என்றதும் வெளியூரார் நினைவுக்கு வருவன கடற்கரைச் சாலையும், மஞ்சள் வண்ணம் பூசிய பிரெஞ்சு மாளிகைகளும், நேர்கோட்டில் அமைந்த தெருக்களுமே. நம்முள்ளும் பலருக்கு இதுவே வரலாறாகிவிட்டது. இந்த நகரம் பிறப்பதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்பகுதியில் வணிகமும், கல்வியும், கோயிற்பணியும் செழித்திருந்தன. அவற்றைத் தொடுத்துக் காட்டும் நூல் ஒன்று உண்டு. அதுவே சங்கராபரணி ஆறு. செஞ்சிப் பகுதியின் குன்றுகளில் பிறந்து, வராகநதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெற்று, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூரைக் கடந்து, அரியாங்குப்பத்து ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் கிளைத்துக் கடலில் கலக்கும் இச்சிற்றாற்றை எதிர்த்து, கழிமுகத்திலிருந்து மலைவரை மிதிவண்டியில் சென்றால் ஏறத்தாழ 2,000 ஆண்டு வரலாற்றை நாம் கடந்துவிடலாம். நமது சாரத்திலிருந்து புறப்படும் எவர்க்கும் இயலும் செயலே இது.

வரலாறு காணவும் நாடு காணவும் மிதிவண்டியில் புறப்படும் வழக்கம் புதியதன்று. இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் 1878இல் மிதிவண்டிப் பயணியர்க்கென ஒரு சங்கம் தோன்றியது. செங்குத்தான சரிவுகளின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது அச்சங்கத்தின் தொடக்கப் பணிகளுள் ஒன்று. பிரான்சின் சேன்-எத்தியேன் நகரில் பால் தெ விவி என்பார் 1887இல் மிதிவண்டியாளர்க்கென ஓர் இதழைத் தொடங்கினார். வேலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பெற்ற அவர், பந்தயத்திற்காக அன்றி நாட்டைக் கண்டு மகிழ்வதற்காக மிதிப்பதையே வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே மலையுச்சியில் வீற்றிருக்கும் கிசால்லோ அன்னையைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949இல் மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். அதே 1949ஆம் ஆண்டில்தான் சென்னையை அடுத்த அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. நம் நாட்டில் மிதிவண்டி உல்லாசப் பொருளாக நிலைபெறவில்லை. பால்காரர், அஞ்சற்காரர், ஆசிரியர், கிளைப் பங்குகளுக்குச் சென்று வந்த உபதேசியார் ஆகியோரின் உழைப்புக் கருவியாகவே அது நிலைபெற்றது.

முதற்கண் அரிக்கமேடு. நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில் தென்னை, மாமரங்களுக்கு நடுவே உயர்ந்து கிடக்கிறது அந்த மேடு. 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், ஊர்ச் சிறுவர்கள் இங்குப் பொறுக்கிய மணிகளைக் கண்டு இதன் சிறப்பை உணர்ந்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இத்தாலியில் வனையப்பட்ட அரெட்டைன் மட்கலங்களும் மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகளும் வெளிப்பட்டன. காலம் தெரிந்த அந்த உரோமைக் கலங்களோடு கலந்து கிடந்தமையால், அதுவரை காலம் தெரியாதிருந்த தென்னிந்திய மட்கலங்களுக்கும் காலம் கணிக்க வழி பிறந்தது. கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிபுளுஸ் என்னும் கடற்பயண நூல் குறிப்பிடும் பொதுகே என்ற துறைமுகம் இதுவே என அறிஞர் பலரும் கொள்வர்.

நம் பங்கு இளைஞர் சிலரோடு அங்குச் சென்றிருந்தபோது ஒருவர், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது, சாமி?" என வினவினார். அவ்வினா நேர்மையானதே. அகழ்ந்த குழிகள் மீண்டும் மூடப்பட்டுவிட்டன. கண்ணுக்குப் புலப்படுவன மேடும், புல்லும், சிதைந்த செங்கற்சுவர்களுமே. ஆயினும் எண்ணிப் பார்க்கும் செய்தி ஒன்று அங்கு உண்டு. உரோமையரின் வணிகத்தால் தோன்றிய நிலையம் இது என்பதே வீலரின் கருத்து. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் தலைமையில் நிகழ்ந்த அகழாய்வோ, உரோமைப் பொருள்கள் வருமுன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்றும், அவ்வணிகம் தளர்ந்த பின்னரும் வாழ்வு தொடர்ந்தது என்றும் காட்டியது. மணி செய்யும் தொழில் இங்கு நெடுங்காலம் நிலவியது. தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்துள்ளன. அயலான் வந்ததனால் ஊர் பிறக்கவில்லை; ஊர் இருந்ததனாலேயே அயலான் வந்தான். இந்த வரிசை மாறினால் ஒரு மக்களின் தன்மதிப்பே மாறிவிடும்.

அங்குச் சிதைந்து நிற்கும் செங்கல் வளைவுகள் உரோமையர் காலத்தவை அல்ல. 18ஆம் நூற்றாண்டு மறைப்பணி இல்லத்தின் எச்சங்கள். பாரீசு அயல்நாட்டு மறைப்பணிக் கழகத்தார் கிழக்காசிய இளைஞரைக் குருக்களாக உருவாக்க நடத்திய குருத்துவக் கல்லூரி, சயாமிலும் பின் கம்போடியக் கரையிலும் போரினால் நிலைகுலைந்து, 1770இல் அண்மையிலுள்ள வீராம்பட்டினத்தை வந்தடைந்தது. அதன் பொறுப்பிலிருந்த பிஞ்ஞோ தெ பெகேன், வியட்நாமிய மொழிக்கும் இலத்தீனுக்கும் அகராதி ஒன்றை இக்காலத்தில் உருவாக்கினார். வியட்நாமிய மொழி வரலாற்றில் நீங்கா இடம் பெற்ற ஒரு பணி நமது மீனவர் குப்பத்தின் அருகே நிகழ்ந்தது என்பதை நம் மக்களுள் எத்தனை பேர் அறிவர்?

ஆற்றின் போக்கை எதிர்த்து மேற்கே மிதித்தால், ஆற்றங்கரைச் சிவத்தலமாகிய திருக்காஞ்சியும் வில்லியனூரும் வரும். சோழர் காலத்துத் திருக்காமீசுவரர் கோயிலும், 1877இல் எழுந்த லூர்து அன்னையின் திருத்தலமும் இவ்வூரில் அருகருகே விளங்குகின்றன. கோயில் தேரோட்டத்தில் பிரெஞ்சு ஆளுநர் வடம் பிடித்த வழக்கம், இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கின்றது. வடக்கே சற்று விலகினால் ஊசுட்டேரி. சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே இதனை வந்தடைகின்றது. இருமாநிலத்துக்கும் பொதுவான இவ்வேரியைப் புதுச்சேரி அரசு 2008இல் பறவைகள் புகலிடமாக அறிவித்தது. நீர் எல்லைக்கோட்டை அறியாது, பறவையும் அறியாது.

அவ்வெல்லைக்கோடுகளை மிதிவண்டியாளர் நன்கறிவர். ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரியும் தமிழகமும் மாறி மாறி வரும். பேரரசுகளின் போர்களும் உடன்படிக்கைகளும் துண்டு துண்டாக வெட்டிய நிலத்தின் தழும்புகள் அவை. அத்தழும்புகள் ஆறத் தொடங்கிய இடம் கீழூர். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அச்சிற்றூரில் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய 170 பேர் இசைந்தனர். 8 பேர் மறுத்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி நிறைவுற்றது. கடற்கரையின் மாளிகைகளில் அன்று, வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு கொட்டகையில் நம் குடியுரிமை முடிவாயிற்று என்பது எண்ணத்தக்கது.

விழுப்புரம் சாலையில் மேலும் சென்றால் திருபுவனை. முதலாம் இராசாதிராச சோழனின் 1048ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இங்கு 260 மாணவரும் 12 ஆசிரியரும் கொண்ட கல்லூரி இருந்ததைக் கூறுகின்றது. தெற்கே பாகூரிலோ, 9ஆம் நூற்றாண்டிலேயே நிருபதுங்கவர்ம பல்லவன் காலத்தில் ஒரு வித்தியாத்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் செப்பேடு சான்று பகர்கின்றது. பாகூரும், திருபுவனையும், வீராம்பட்டினமும் ஒரே நாளில் மிதித்துக் கடக்கும் தொலைவில் அமைந்த மூன்று கல்விச் சாலைகள்.

பெருமை கொள்ளும் அதே வேளையில் ஒன்றை மறைத்தலாகாது. அப்பழங்கல்லூரிகள் வேதம் ஓதுவோர்க்கே திறந்திருந்தன. அவற்றிற்கு நெல் விளைவித்த உழவரின் பிள்ளைகள் அவ்வாயிலில் நுழைந்திலர். அன்று எழுத்து மறுக்கப்பட்டவர்க்குப் பின்னாளில் சாலையும் மறுக்கப்பட்டது. மிதிவண்டியில் ஏறிச் செல்லாமல் இறங்கி உருட்டிக்கொண்டே போகவேண்டும் எனத் தலித் மக்களைக் கட்டாயப்படுத்திய தெருக்கள் தமிழகத்தில் இருந்தன என்பது வெட்கத்திற்குரிய வரலாறு. ஆகவேதான் 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்கீழ் எழுத்துக் கற்ற பல்லாயிரம் பெண்கள் கூடவே மிதிவண்டியும் கற்றது பெருநிகழ்ச்சி ஆகின்றது. எழுத்தும் சாலையும் ஒரே வேளையில் அவர்கள் கைக்கு வந்தன. வரலாற்றுச் சின்னம் காணப் புறப்படும் நாம், அச்சின்னத்தின் உள்ளே இடம் பெறாதவரையும் நினைந்தே செல்லவேண்டும்.

இனி வடமேற்கு வழி. சாரத்திலிருந்து கோரிமேட்டை நோக்கிச் செல்கையில் சாலை மெல்ல உயர்வதைக் காலே சொல்லிவிடும். செம்மண்ணும் சரளையுமாய் ஏறியும் இறங்கியும் செல்லும் இந்நிலத்தின் அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என நிலவியலார் கூறும் பாறை. சேதராப்பட்டைக் கடந்து திருவக்கரையை அடைந்தால், அதே பாறையில் பொதிந்த கல்மரங்களைக் காணலாம். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்து வந்து புதைத்த மரங்களில் மணற்சத்து ஊறிக் கல்லாயிற்று என்பர். கிளையும் இலையும் இன்றி அடிமரங்களே கிடப்பது அவை வேற்றிடத்தினின்று அடித்து வரப்பட்டமைக்குச் சான்று. பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் சொன்னெரா 1781இல் இவற்றைக் குறித்து வைத்தார். வளையங்கள் தெளிவாகத் தெரியும் அக்கல்லின்மீது கைவைக்கும் பொழுது, படைப்பின் கால அளவின் முன் நம் நூற்றாண்டுகள் எத்துணைச் சிறியவை என்பது புலனாகும்.

மயிலத்தையும் திண்டிவனத்தையும் கடந்து, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செஞ்சியை அடைய இரண்டு நாள் ஒதுக்குவது நலம். புதுச்சேரியின் விதி இங்கேயே பலமுறை எழுதப்பட்டது. 1677இல் செஞ்சியைக் கைப்பற்றிய சிவாசியிடமே பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் தங்குவதற்கு இசைவு பெற்றார். 1750இல் பிரெஞ்சுப் படை இக்கோட்டையைப் பிடித்தது. 1761இல் புதுச்சேரி வீழ்ந்து இடிக்கப்பட்டதும் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. நம் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கும் கற்றூண்கள் செஞ்சியினின்று வந்தவையே. 2025 சூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றபோது, தமிழகத்தினின்று அவ்வரிசையில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றே.

இவ்வழியில் செல்ல விழைவோர்க்குச் சில சொற்கள். மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். விடியுமுன் புறப்பட்டால் மேற்கே செல்வது எளிது. பிற்பகலில் கிழக்கே திரும்புகையில் கடற்காற்று முகத்தில் மோதும், அதற்கென வலிமையைச் சேமித்து வைக்கவேண்டும். பஞ்சர் ஒட்டும் பொருளும், காற்றடிக்கும் பம்பும், தண்ணீரும் உடன் இருக்கட்டும். விழுப்புரம், திண்டிவனம் சாலைகள் இன்று நான்கு வழிச் சாலைகளாகிவிட்டன. அவற்றில் மிதிவண்டிக்கென ஓரம் கூட இல்லாத இடங்கள் உண்டு. ஏரிக்கரை வழிகளையும் சிற்றூர்ச் சாலைகளையும் நாடுவதே பாதுகாப்பு.

அவ்வழிகளும் சுருங்கி வருகின்றன. கரைகள் மனைகளாகின்றன, வாய்க்கால்கள் சாக்கடைகளாகின்றன, காணாத மேட்டைக் காப்பவர் இலர். அகழ்ந்தெடுத்த மணிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிடலாம். அவை கிடந்த மண்ணையும், அம்மண்ணை அணைத்த ஆற்றையும் பேழைக்குள் வைக்க இயலாது. அவற்றைக் காக்க வல்லது மக்களின் கால்தடம் ஒன்றே. அடிக்கடி சென்று காண்போர் உள்ள இடத்தில் செங்கல் களவு போவதும் ஏரி மறைவதும் எளிதன்று.

எம்மாவு நோக்கிச் சென்ற சீடர் இருவரும் அண்மையில் நிகழ்ந்தவை அனைத்தையும் அறிந்திருந்தனர். ஆயினும் அவற்றின் பொருளை அறிந்திலர். வழியில் உடன் நடந்தவர் பண்டை வரலாற்றைத் தொடக்கமுதல் விளக்கிய பின்னரே அவர்கள் உள்ளம் கனன்றது. எருசலேமிலிருந்து எம்மாவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நம் சாரத்திலிருந்து வில்லியனூரும் ஏறக்குறைய அத்தொலைவே. பங்குகளில் இளைஞர் குழுக்களை நடத்துவோர் ஆண்டில் ஒரு நாளையேனும் இவ்வழிக்கு ஒதுக்குவாராக. பிள்ளைகள் முதலில் அரிக்கமேட்டைக் காணட்டும். பார்க்க என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கும்போது, உடன் நின்று விடை சொல்லப் பெரியவர் ஒருவர் அங்கு இருக்கட்டும்.